அடித்தவருக்கு நன்றி

கோலார் தங்கவயலில் படித்துவிட்டு பெங்களூரிலோ வளைகுடாவிலோ வேர்விட்டவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எப்படியும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு வந்தால் பிரம்புக்கு வந்துவிடும். எந்த சார் இடது கையால் அடிப்பார், எந்த டீச்சர் மர ஸ்கேலைத் தட்டையாகப் பிடிக்காமல் விளிம்பால் இறக்குவார், யார் காதைத் திருகுவார், யார் டஸ்டரைக் குறி தப்பாமல் எறிவார் என்பதெல்லாம் ஐம்பது வயதிலும் பிசகாமல் நினைவிருக்கிறது. சிரித்துச் சிரித்துப் பேசி முடித்தபின் ஒருவர் சொல்வார்: "அன்னிக்கு அவரு அடிச்சதாலதான் இன்னிக்கு நாம ஆளாகி நிக்கிறோம்." மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

இதை அடிமைப் புத்தி என்று தள்ளிவிடுவது சுலபம். அப்படித் தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வகுப்பறைகளில் உட்கார்ந்திராதவர்கள். நன்றி பொய்யில்லை. அந்த வாத்தியாரின் சாவுக்கு லீவு போட்டு ரயிலேறி வருகிறார்கள். பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. ஆனால் நன்றி உண்மையாக இருப்பதாலேயே அது எதற்கான நன்றி என்று கேட்க வேண்டியிருக்கிறது. பிரம்புக்கா, பிரம்பைப் பிடித்திருந்த மனிதருக்கா? இரண்டும் ஒரே கையில் இருந்ததால் நினைவில் ஒட்டிப்போயிருக்கின்றன. அறம் பேச வேண்டுமானால் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

தங்கவயலில் ஐந்து பெரிய சுரங்கங்கள் இருந்தன. பாலகாட், மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகியவை அவை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்த பிறகு, வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பெரும்பாலோர் ஊரில் சேரிக்கு வெளியே நிலமோ நிழலோ இல்லாதவர்கள். கம்பெனி கொடுத்த லைன் வீடுகள், அதிலும் ஆரம்பத்தில் மூங்கில் தட்டி வைத்த வீடுகள், அவர்களுடைய புது ஊர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இந்த வயலுக்கு வந்துவிட்டது. ஆனால் அது முதலில் வந்தது இயந்திரத்துக்கு. சாம்பியன் ரீப் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. கீழே பாறை வெடித்துச் சரியும். மேலே லைனில் பாத்திரம் அதிரும். அதிலிருந்து தப்பியவர்களைத் தூசி நுரையீரலில் பிடித்துக்கொள்ளும். சங்கு ஊதினால் அப்பன் போவான், அவன் முடியாமல் படுத்தால் மகன் போவான் என்பதுதான் அங்கே வாழ்க்கையின் போக்கு.

அந்தப் போக்கை மறிக்க இருந்த ஒரே கதவு பள்ளிக்கூடம். லைன்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதாக இருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த இயக்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் வேரூன்றிய இடம் இது. சென்னையில் 1907-இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' ஏடு, பின்னாளில் 'தமிழன்' என்ற பெயரோடு 1926 முதல் அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்தே நடத்தப்பட்டது. சுரங்கத் தொழிலாளி காசு போட்டுப் பத்திரிகை வாங்கிப் படித்த ஊர். எழுத்தின் விலை தெரிந்தவர்கள். ஆகவே ஒரு வாத்தியார் சுரங்கத் தொழிலாளியின் மகனை இழுத்து நிறுத்தி, "உங்கப்பன் மாதிரி நீயும் குழிக்குள்ள போகப் போறியா?" என்று கேட்டு நாலு சாத்து சாத்தினால், அந்த வீட்டில் அதைக் கொடுமையாக யாரும் பார்க்கவில்லை. தன் பிள்ளையை ஒரு பொருட்டாக மதித்து ஒருவர் கோபப்படுகிறார் என்றே பார்த்தார்கள். உலகம் முழுதும் அந்தப் பையனை அலட்சியம் செய்தபோது, இவர் ஒருவர் அவனிடம் எதிர்பார்த்தார். நன்றி அந்த எதிர்பார்ப்புக்கு. அடி அதோடு சேர்ந்து வந்தது.

சேர்ந்து வந்ததாலேயே அடி இல்லாமல் அது வந்திருக்காது என்று ஆகிவிடாது. அதே பள்ளிகளில் பிரம்பைத் தொடாத வாத்தியார்களும் இருந்தார்கள். அவர்களையும் பழைய மாணவர்கள் தேடிப் போகிறார்கள். அடித்தே பெயர் வாங்கியவர்களில், அடியைத் தவிர வேறொன்றும் தராதவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெயர் வரும்போது கூட்டத்தில் சிரிப்பு சட்டென்று நின்றுவிடும், யாராவது பேச்சை மாற்றுவார்கள். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் நன்றி எதன் பின்னால் போகிறது என்பது தெரிகிறது.

"கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்." பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தகப்பன் சொல்லும் இந்த வாசகம் தமிழ்நாட்டிலும் உண்டு, தங்கவயலிலும் உண்டு. இது வெறும் பேச்சல்ல, ஓர் ஒப்புதல். சட்டமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 89-ஆவது பிரிவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதன் நன்மைக்காக, காப்பாளர் ஒப்புதலோடு, நல்லெண்ணத்தில் செய்யப்படும் செயலுக்குப் பாதுகாப்புத் தந்தது. எத்தனையோ வழக்குகளில் அடித்த ஆசிரியர்களின் வழக்கறிஞர்கள் இதன் நிழலில்தான் ஒதுங்கினார்கள். அதே 1860-இல் இங்கிலாந்தில் தாமஸ் ஹாப்லி என்ற ஆசிரியர் தன்னிடம் படித்த பையனை அடித்தே கொன்றார். அவரைத் தண்டித்த தீர்ப்பே, மிதமான, நியாயமான அடி என்றால் தகப்பனும் வாத்தியாரும் அடிக்கலாம் என்றும் நிறுவியது. ஒரு பிள்ளையின் பிணத்தின் மேல் நின்று எழுதப்பட்ட அனுமதி அது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தப் பழைய பாதுகாப்பு வேறு எண்ணோடு தொடர்கிறது.

அந்தத் தகப்பனின் ஒப்புதல் எப்படிப்பட்டது? ஷிப்டு முடிந்து மேலே வருகிறவனின் உடம்பைத் தடவிச் சோதித்த பிறகே வெளியே விட்ட தொழில் அது. தங்கம் ஒளித்திருப்பானோ என்ற சந்தேகம் ஒவ்வொரு நாளும் அவன் மேல் கை வைத்தது. மேஸ்திரிக்குப் பயம், கம்பெனிக் காவலுக்குப் பயம். தன் உடம்பின் மேலேயே முழு உரிமை இல்லாதவன், தன் பிள்ளையின் உடம்பை வாத்தியார் கையில் கொடுத்தான். கொடுப்பதற்கு அவனிடம் வேறென்ன இருந்தது? ட்யூஷனுக்குப் பணம் இல்லை, பாடம் சொல்லித்தரப் படிப்பு இல்லை. பிள்ளையின் முன்னேற்றத்தில் தன் பங்காக அவனால் போட முடிந்தது அந்த அனுமதி ஒன்றைத்தான். அதைப் பழிக்க மனம் வரவில்லை. ஆனால் வழியற்றவன் கொடுத்த அனுமதியை, கொடுத்தான் பார் என்று காட்டி நியாயம் கேட்பது வேறு கதை. அதிலும், வலி வாங்குகிறவன் அனுமதி கொடுத்தவன் அல்ல. தகப்பன் தன் தோலை உரிக்கச் சொல்லவில்லை.

இங்கே தங்கவயலின் வரலாறே ஒரு முரணைக் காட்டுகிறது. 1930-இல் கம்பெனி தொழிலாளர்களின் கைரேகையைப் பதிந்து கணக்கெடுக்க முனைந்தபோது, வயல் முழுதும் வேலையை நிறுத்தியது. கூலி உயர்வுக்காக மட்டும் எழுந்த போராட்டம் இல்லை அது; குற்றவாளியைப் போல எங்கள் விரலைப் பிடித்து மையில் தோய்க்காதே என்ற மானப் பிரச்சினையும் அதில் இருந்தது. 1946 நவம்பர் 4-இல் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். உடம்புக்கும் மானத்துக்கும் உள்ள உறவை இவ்வளவு தெளிவாக அறிந்திருந்த ஊர், தன் பிள்ளைகளின் உள்ளங்கையைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. விரலைப் பிடிக்க வந்த கம்பெனியை எதிரியாகக் கண்டது. கையை நீட்டச் சொன்ன வாத்தியாரை உறவாகக் கண்டது. உறவு செய்தால் அவமானம் அவமானமாகாது என்று ஒரு நம்பிக்கை.

அவமானம் எங்கே இருக்கிறது என்று அறிய, அடிக்கும் முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். "கையை நீட்டு" என்கிறார். பையன் நீட்டுகிறான். உள்ளங்கை நடுங்குவதால் தாழ்கிறது. பிரம்பு நுனியால் அதை மேலே தட்டி உயர்த்துகிறார். ஓங்குகிறார். கண்ணை மூடிக்கொண்டிருந்த பையன், பிரம்பு காற்றில் எழுப்பும் சத்தம் கேட்டதும் அறியாமல் கையை இழுத்துக்கொள்கிறான். பிரம்பு அவர் வேட்டியிலோ பேன்ட்டிலோ படுகிறது. வகுப்பு சிரிக்கிறது. "இழுத்தா ஒண்ணுக்கு ரெண்டு." இப்போது இவனுக்குக் கிடைக்கப்போகும் கூடுதல் அடி வீட்டுப்பாடத்துக்கானது அல்ல. வலியிலிருந்து விலகியதற்கானது. எந்த உயிரும் செய்யும் ஒன்று இவனிடத்தில் குற்றமாகிவிட்டது. அசையாமல், தானே மனமுவந்து, நடுங்காமல் நீட்ட வேண்டும். அடி வாங்குவதோடு போகாமல் அடிக்கு உடந்தையாகவும் இருக்க வேண்டும். பிரம்பு கற்பிக்கும் பாடம் வாய்ப்பாடு அல்ல, இதுதான்.

வேறொன்றும் உண்டு. வீட்டுப்பாடம் எழுதாதது குற்றம் என்று வைத்துக்கொண்டாலும், குற்றம் சாட்டுகிறவர், விசாரிக்கிறவர், தீர்ப்புச் சொல்கிறவர், தண்டனையை நிறைவேற்றுகிறவர் எல்லாம் ஒரே ஆள். எதிர்த்துப் பேசினால் அது தனிக் குற்றம். சுரங்கத்தில் அப்பனுக்கு ஒரு யூனியன் இருந்தது. பத்து வயதுப் பையனுக்கு இருந்தது கக்கத்தில் வெங்காயத்தை வைத்தால் காய்ச்சல் வரும் என்ற நம்பிக்கை மட்டும். கட்டணம் கட்டாததற்காக வகுப்புக்கு வெளியே முட்டி போட்ட பிள்ளைகளின் விஷயத்தில் குற்றம்கூட அவர்களுடையது இல்லை.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கோதண்டம் இருந்தது. விட்டத்தில் கயிறு கட்டிப் பையனைத் தொங்கவிடும் தண்டனை. அண்ணாந்தாள் என்ற தண்டனையும் இருந்தது. தாமதமாக வருகிறவனுக்கு வந்த வரிசைப்படி அடி இருந்தது. அடியாத மாடு படியாது என்றும், முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்றும் நாமேதான் சொல்லிவைத்தோம். வெள்ளைக்காரன் பங்கு, அதற்கு ஒரு சட்டப் பாதுகாப்பும் ஒரு பதிவேடும் கொடுத்தது. ஆனால் அவன் ஊரில் என்ன நடந்தது என்பதும் சொல்லத்தக்கது. ஸ்காட்லாந்தில் இரண்டு தாய்மார்கள், எங்கள் பிள்ளைகளைத் தோல்வாரால் அடிக்க நாங்கள் ஒப்பவில்லை என்று ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1982-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. பெற்றோரின் கொள்கையைப் பள்ளி மதிக்க வேண்டும் என்றது. 1986-இல் பிரிட்டனின் அரசுப் பள்ளிகளுக்கு அடியை நிறுத்தும் சட்டம் வந்தது. அங்கே கதவைத் திறந்தது பெற்றோரின் மறுப்பு. இங்கே கதவை அடைத்தது பெற்றோரின் சம்மதம்.

"அடிச்சாரு, ஆளானோம்" என்ற வாக்குமூலத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறவர்கள் ஆளானவர்கள். எட்டாவதில் அடி தாங்காமல் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஆண்டர்சன்பேட்டையில் சைக்கிள் கடைக்குப் போனவன் பழைய மாணவர் சந்திப்புக்கு வருவதில்லை. அழைப்பிதழ் அவனுக்குப் போவதும் இல்லை. எந்தக் குழிக்குள் போகக் கூடாது என்று வாத்தியார் அடித்தாரோ, அந்தக் குழிக்குள்ளேயே அடியால் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணப்பட்டவை வேறு இடத்தில் இருக்கின்றன. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் 65 விழுக்காட்டினர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். வீட்டில் அடி வாங்கிய பிள்ளைகளைப் பற்றி எலிசபெத் கெர்ஷாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் தன் கூட்டாளியோடு 2016-இல் வெளியிட்ட தொகுப்பு, ஏறத்தாழ 1,60,000 பிள்ளைகளைப் பற்றிய ஐம்பதாண்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பின்புறத்திலோ கைகால்களிலோ வெறுங்கையால் தட்டும் சாதாரண அடியோடு சேர்ந்து வந்தவை முரட்டுத்தனமும் மனச்சோர்வும்தான். ஒழுங்கு வந்ததாகக் கணக்கு இல்லை.

இருந்தாலும் இந்த எண்களின் மேல் அறத்தைக் கட்டுவது சரியென்று தோன்றவில்லை. நாளைக்கே வேறொரு ஆய்வு, அடித்தால் கணக்கில் ஐந்து மதிப்பெண் கூடுகிறது என்று காட்டினால் பிரம்பை எடுத்துக்கொள்ளலாமா? மேஸ்திரி அடித்தால் டன் கணக்கு கூடும் என்று கம்பெனி நிரூபித்திருந்தாலும் லைன்காரர்கள் ஒப்பியிருக்க மாட்டார்கள். பெரியவனின் உடம்புக்கு உள்ள அந்த எல்லை, சின்னவன் என்பதால் சுருங்குவானேன்? அவன் சின்னவன் என்பதாலேயே அது இன்னும் விரிய வேண்டும்.

அடித்த வாத்தியார்களை இன்றைய சட்டத்தின் கூண்டில் ஏற்றுவதும் முறையல்ல. அறுபது பேர் அடைந்த வகுப்பு. தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளிலிருந்து வந்து ஆங்கிலப் பாடம் படிக்கத் திணறிய பிள்ளைகள். தானும் அடி வாங்கியே படித்த நினைவு. அவர்கள் அறிந்த ஒரே கருவி அது. செயல் தவறு என்றால் செய்தவர் கெட்டவர் என்று பொருளில்லை. இதை ஏற்க முடியாததால்தான் பழைய மாணவர்கள் தவிக்கிறார்கள். அடி தவறு என்று ஒப்புக்கொண்டால் அந்த அன்பான மனிதரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்ற அச்சம். ஆகாது. வயதான சில ஆசிரியர்களே, நேரில் வந்து காலில் விழும் மாணவனிடம், "ரொம்ப அடிச்சிட்டேண்டா" என்று சொல்வதுண்டு. மாணவன் அவசரமாக மறுப்பான். அந்த மறுப்பில் மரியாதை இருக்கிறது. ஆனால் சொல்ல வந்ததை அவர் சொல்லி முடிக்க விட்டிருக்கலாம்.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் பழைய நினைவில் இல்லை, இன்றைய வகுப்பறையில் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு தங்கவயலின் சங்கு ரயில்தான். விடியுமுன் மாரிகுப்பத்திலிருந்தும் உரிகத்திலிருந்தும் கிளம்பும் வண்டிகளில் தாயும் தகப்பனும் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். பிள்ளை தானே எழுந்து, தானே கிளம்பி, வீட்டுப்பாடத்தோடோ இல்லாமலோ வருகிறான். இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரத்தில் அவனை நேராகப் பார்க்கும் பெரியவர் வகுப்பாசிரியர் ஒருவரே. அவரிடம், தொடக்கூடாது, திட்டக்கூடாது, பெயில் ஆக்கக்கூடாது என்று சொல்லிவிட்டோம் என்கிறார்கள் ஆசிரியர்கள். "நமக்கேன் வம்பு? படிச்சாப் படிக்கட்டும், போனாப் போகட்டும்." இந்த வாசகம் ஆசிரியர் அறைகளில் சாதாரணமாகக் கேட்கிறது. பிரம்பு போனபோது கூடவே அக்கறையும் போய்விட்டது என்ற குற்றச்சாட்டு பொய்யல்ல. அடிக்காமலும் கவனிக்காமலும் விடுவது அடிப்பதைவிட மேலானதா என்று ஒரு தகப்பன் கேட்டால், சட்டப் பிரிவைக் காட்டி அவரை வாயடைக்க முடியாது.

ஆனால் அந்த வாசகம் என்ன ஒப்புக்கொள்கிறது என்று பாருங்கள். அடிக்க முடியாவிட்டால் எனக்கு வேறு வழி தெரியாது என்கிறது. அப்படியானால் குறை தடையில் இல்லை. வேறு வழி எதையும் கற்றுத்தராமல், ஆள் சேர்க்காமல், வகுப்பின் எண்ணிக்கையைக் குறைக்காமல் தடையை மட்டும் அனுப்பிவைத்ததில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு 2010 ஏப்ரல் 1 முதல் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் ஒருசேரத் தடுக்கிறது. இரண்டாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பிரம்பு இருந்த இடத்தில் இப்போது நாக்கு இருக்கிறது. "லைன் பசங்க புத்தி அப்படித்தான்" என்ற ஒரு வரி, சாதியையும் அப்பன் தொழிலையும் ஒரே வீச்சில் தொட்டுவிடும். தழும்பு இல்லாததால் புகாரும் இல்லை. நாலு அடி வாங்கியவன் சிரித்துப் பேசுகிறான். இந்த வரியைக் கேட்டவன் பேசுவதே இல்லை.

சட்டத்திலும் சந்துகள் உண்டு. 2014 மே மாதம் பிரமதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. கிறித்தவ நிறுவனங்கள் ஒரு நூற்றாண்டாகக் கல்வியைத் தாங்கிய தங்கவயலில் இது சின்ன விஷயமல்ல. அந்தத் தீர்ப்பைப் பற்றிய ஐயம் பின்னர் அதே நீதிமன்றத்தில் எழுந்திருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 75-ஆவது பிரிவு பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் கொடுமையைத் தண்டிக்கிறது. ஆனால் அதற்குப் போலீஸ் நிலையம் போக வேண்டும், ஓர் அறைக்காக யார் போவார்கள்? இலங்கையில் ஒரு பெற்றோர் போனார்கள். ஆசிரியரின் அறையால் காது பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில் 2021 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைக் கொடூரமான, இழிவான நடத்துமுறை என்று கண்டு, ஆசிரியர் 1,50,000 ரூபாயும் அரசு 5,00,000 ரூபாயும் தர ஆணையிட்டது. அரசின் பங்கு கூடுதல் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் விவேகம். அடித்த கை ஒன்று. அந்தக் கையை அப்படி விட்டுவைத்தது வேறொன்று.

தங்கவயலில் அப்படி வழக்குப் போட வேண்டியதில்லை. அதற்கு முன்னால் பேச ஓர் இடம் சட்டத்திலேயே இருக்கிறது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்ட மேலாண்மைக் குழு வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் என்ன செய்வது, மாலை ஐந்து முதல் ஏழு வரை பள்ளியிலேயே உட்கார வைத்துச் சொல்லித்தர ஆள் போட முடியுமா, எந்த வார்த்தை வகுப்பில் கூடாது என்பதையெல்லாம் ஆசிரியரும் பெற்றோரும் எதிரெதிரே உட்கார்ந்து முடிவு செய்யலாம். தோலை உரிக்கச் சொன்ன பழைய ஒப்புதலுக்குப் பதில் வேறோர் ஒப்புதல் அங்கே எழுதப்படலாம். தனியார் பள்ளிகளுக்கு அந்தக் குழுவும் கட்டாயமில்லை. அரசுப் பள்ளியில் குழு இருந்தாலும், கூட்டத்தை வேலை நாளில் பகல் பதினோரு மணிக்கு வைத்தால், வர வேண்டிய அம்மாவும் அப்பாவும் அந்நேரம் பெங்களூரில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைக்க எந்தப் பிரிவும் தடை சொல்லவில்லை.